ஊர்ச் செய்தியும் சான்றும்

ஓர் ஊரைப் பற்றி எழுதுதல் எளிது என்பது பலருடைய எண்ணம். பிறந்து வளர்ந்த ஊராயின் அது மேலும் எளிதாகத் தோன்றும். கோயில், குளம், சந்தை, துறை, பாடசாலை, பெரியார் என வரிசைப்படுத்தி, இடையிடையே இரண்டொரு புகழுரையையும் சேர்த்துவிட்டாற் கட்டுரை நிறைவுற்றதென்று கருதுகின்றோம். ஆயின், அக்கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சுட்டி, "இஃது எங்ஙனம் தெரியும்?" என்று ஒருவர் வினவுவாராயின், எம்முள் எத்துணைப் பேர் விடை கூற வல்லோம்? அவ்வினாவை மாணவன் ஒருவன் எம்மிடம் வினவினான். அதனால் யாம் கற்றுக்கொண்டவற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் மாணவர்க்கும், உடனாசிரியர்க்கும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது இதுவே. யாவரும் எழுதவும் திருத்தவும் கூடியதாய் இணையத்திலே விளங்கும் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்திற்காக, ஒரு சிறு நகரைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்கும் பயிற்சியொன்றை உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்குக் கொடுத்தோம். நகர் பருத்தித்துறை. பெருநகரங்களைப் பற்றி எழுதுவோர் பலர்; பிழை நேரின் திருத்துவோரும் பலர். சிறு நகரின் நிலை அவ்வாறன்று. அதனைப் பற்றி ஒருவர் எழுதிய பிழை பல்லாண்டுகள் அசையாது கிடக்கும். ஆகவே, சிறு நகரே பயிற்சிக்கு ஏற்றதெனக் கொண்டோம்.

ஒரு வாரங் கழிந்தது. மாணவன் ஒருவன், அந்நகருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் பேதுரு என்னும் போர்த்துக்கேயத் தளபதி ஒருவனின் பெயரால் வந்தது என்று எழுதி, அதற்குச் சான்றாகப் பழைய ஆண்டு மலர் ஒன்றையும் கொண்டு வந்து காட்டினான். கட்டுரையின் கீழே எமது பெயர் அச்சிடப்பட்டிருந்தது. "ஐயா, இதனைத் தாங்கள் எந்த நூலிற் கண்டீர்கள்?" என்று பணிவுடன் கேட்டான். யாம் எந்த நூலிலும் கண்டிலேம். எமது ஆசிரியர் கூறக் கேட்டோம், வகுப்பிலே கூறினோம், பின்பு மலரிலும் எழுதினோம். செவிவழி வந்த ஒரு கூற்று, அச்சேறியதனாலேயே சான்று என்னும் தகுதி பெற்று எம்முன் வந்து நின்றது.

இம்முயற்சி எமக்குப் புதிதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் அகரவரிசையிலே தொகுத்து 1834ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்களின் அபிதான கோசம் 1902இல் வெளிவந்தது. தமிழ்நாட்டிலே பெ. தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்திலும், 2003இல் தமிழிலும் தொடங்கிற்று.

முன்னையவற்றிற்கும் பின்னையதற்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. முன்னையவற்றிலே தொகுத்தவரின் புலமையே செய்திக்குப் பிணை. விக்கிப்பீடியாவிலோ எழுதுபவர் யாரென்பதே பெரும்பாலும் தெரியாது. அவர் பேராசிரியராயினும் பள்ளி மாணவராயினும் அங்கே ஒரு நிலையினரே. ஆதலின், அவர் காட்டும் சான்றே பிணையாகின்றது. இக்கொள்கையைத் தமிழ் விக்கிப்பீடியர் மெய்யறிதன்மை என்பர். எழுதுபவர்க்குத் தெரியும் என்பது போதாது. படிப்பவர் தாமும் சென்று பார்த்து உறுதி செய்யத்தக்க வெளியீடு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். ஒவ்வொரு திருத்தமும் எந்நாளில் எவ்வாறு செய்யப்பட்டது என்பது அப்பக்கத்தின் வரலாற்றுப் பகுதியிலே பதிவாகியிருக்கும். ஐயம் எழுந்தால் உரையாடற் பக்கத்திலே வாதிக்கலாம். சான்று காட்டப்படாத கூற்றை எவரும் நீக்கலாம்.

இனி, பருத்தித்துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செய்தியைச் சரிபார்க்கும் முறையை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது பெயர். போர்த்துக்கேயர் அக்கரையைப் 'பொந்தா தாஸ் பெத்ராஸ்' என்றனர். அதன் பொருள் 'கற்களின் முனை' என்பதாம். அது பிற ஐரோப்பியரின் வாயிலே சிதைந்து இன்றைய ஆங்கிலப் பெயராயிற்று. போர்த்துக்கேய மொழியிற் கல்லைக் குறிக்குஞ் சொல்லும், பேதுரு என்னும் ஆட்பெயரும் ஒலியால் மிக நெருங்கியவை. அவ்வாட்பெயரும் மூலத்திலே கல் என்னும் பொருளதே. ஆகவே மயக்கம் நேர்ந்தது வியப்பன்று. ஒலி ஒத்திருப்பது கண்டு ஒரு தளபதியையே படைத்துவிட்டோம் என்பதே வியப்பு.

பருத்தித்துறை என்னும் தமிழ்ப் பெயரின் நிலை யாது? ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய பால்தேயு பாதிரியாரின் நூல் 1672இல் அம்ஸ்ரடாம் நகரில் அச்சாயிற்று. அதிலே இவ்வூர்ப் பெயர், ஒலி சற்றே திரிந்து, ஆயினும் தமிழ்ப் பெயரென எளிதில் அறியக்கூடிய வடிவிலே காணப்படுகின்றது. எனவே இப்பெயர் 350 ஆண்டுகளுக்கு மேலாக வழங்குவது என்று துணிந்து எழுதலாம். பருத்தி, துறை என்னும் இரு சொற்களின் பொருளும் ஐயத்திற்கு இடமற்றவை. ஆனால், இத்துறை வழியாக இந்தக் காலத்தில் இந்த நாட்டிற்குப் பருத்தி ஏற்றப்பட்டது என்று எழுதப் புகுந்தால் அது வேறொரு கூற்று. அதற்கு வேறு சான்று வேண்டும். சொல்லின் பொருள் வணிக வரலாற்றிற்குச் சான்றாகாது. தமிழாசிரியராகிய யாம் அடிக்கடி வழுவும் இடம் இதுவே. ஒரு பெயரைப் பிரித்துப் பொருள் கண்டவுடன் வரலாற்றையும் கண்டுவிட்டதாக மகிழ்கின்றோம்.

இரண்டாவது இடம். இலங்கையின் வடமுனை பருத்தித்துறை, தென்முனை தேவேந்திரமுனை என்பது பாலர் வகுப்பிலேயே மனனஞ் செய்த பாடம். பருத்தித்துறைக்குச் செல்வோர் வெளிச்சவீட்டைக் கண்டு, அதுவே வடமுனையென்று கருதி மீள்வதுண்டு. வெளிச்சவீடு நகரின் கிழக்குப் பக்கத்திலே நிற்கின்றது. வடமுனையைக் குறிக்கும் அடையாளமோ நகருக்கு மேற்கே, சக்கோட்டைக் கரையில் உள்ளது. பாடப்புத்தகம் பிழையன்று, அஃது ஊர்ப்பெயரை மட்டுமே கூறிற்று. அதனை ஒரு கட்டடத்தின்மேல் ஏற்றியது யாமே. நில அளவைத் திணைக்களத்தின் படத்தை விரித்துப் பார்த்தால் இம்மயக்கம் சில நிமிடங்களிலே தீரும்.

தூரமும் அவ்வாறே. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாகவும் செல்லலாம். வல்வெட்டித்துறை வழியாகவும் செல்லலாம். இரு வழிக்கும் தூரம் வேறு. வானிலே பறவை பறக்கும் நேர்கோட்டுத் தூரம் மூன்றாவது. எவ்வழி, எவ்விடத்திலிருந்து என்பவற்றைக் கூறாது எண்ணை மாத்திரம் எழுதினால், மூவர் மூன்று எண்ணை எழுதி ஒருவரையொருவர் பிழையென்பர். மூவரும் சரியாகவே எழுதியிருத்தலுங் கூடும்.

மூன்றாவது எல்லை. பருத்தித்துறை என்னும் பெயரால் நகரசபை உண்டு. அதே பெயராற் பிரதேச சபையும் உண்டு. வடமராட்சி வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவும் இப்பெயராற் சுட்டப்படுகின்றது. தேர்தல் தொகுதியொன்றும் இப்பெயருடையது. இவை நான்கும் ஒரே நிலப்பரப்பு அல்ல. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்தவை. அதற்கு முற்பட்ட கிராமசபை, பட்டினசபை ஆகியவற்றின் எல்லைகள் வேறு. ஆகவே, 'பருத்தித்துறையின் பரப்பு இவ்வளவு' என்னும் வாக்கியம், எந்தப் பருத்தித்துறை என்று கூறாதவரை பொருளற்றது. எல்லையை அறிதற்கு ஊராரின் வாய்மொழியிலும் அரசாங்க வர்த்தமானியே தக்க சான்றாகும்.

நான்காவது சனத்தொகை. இலங்கையில் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு நடைபெற்று வந்தது. 1981ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் போர் காரணமாக யாழ்ப்பாண மாவட்டத்திலே முழுமையான மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நாட்டின் ஏனைய பாகங்களில் நடந்தபோதும் இங்கே அது நிறைவுறவில்லை. 2012இலேயே மீண்டும் முழுமையாக எண்ணினர்; அடுத்தது 2024இல். ஆகவே 31 ஆண்டுக் காலம் எமது ஊர்களுக்கு எண்ணி எடுத்த தொகையே இல்லை. அக்காலத்திற்கென எவரேனும் ஒரு தொகையைக் கூறின், அது கணிப்பேயன்றி எண்ணிக்கையாகாது. அதனைக் கணிப்பு என்று கூறியே எழுதுதல் வேண்டும். சனங்கள் இடம்பெயர்ந்தும், நாடு கடந்தும், உயிரிழந்தும் போன காலமே அந்த 31 ஆண்டு. அட்டவணையில் உள்ள அவ்வெற்றிடத்தை ஓர் எண்ணால் நிரப்பி அழகு செய்வோமாயின், எமக்கு நேர்ந்ததையே மறைத்தவராவோம்.

ஐந்தாவது ஆண்டு. பாடசாலைகளும் கோயில்களும் எப்போது தோன்றின என்பதிலே பூசல் மிகுதி. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் தொடக்கம் 1838 எனப்படும். அவ்வாண்டிலே வெஸ்லியன் மிசனரிமார் தொடங்கிய பாடசாலைக்கு இன்றைய பெயர் பின்னரே வந்தது. ஒருவர் பாடசாலை தொடங்கிய ஆண்டை எழுத, மற்றொருவர் பெயர் சூட்டிய ஆண்டை எழுத, இருவரும் முரண்படுவர். வினா இரண்டாதலின் விடையும் இரண்டாதல் இயல்பே. கோயில்களின் திறத்திலும் முதற் கோயில் எழுந்த ஆண்டு, கற்பணி முடிந்த ஆண்டு, குடமுழுக்கு நிகழ்ந்த ஆண்டு என மூன்றையும் பிரித்து எழுதினால் வழக்குப் பாதி தீரும். மீதிப் பாதிக்கு உறுதியோ கல்வெட்டோ வேண்டும். தோன்றிய காலம் அறியப்படாத தொன்மையது என்பது பத்திமையின் மொழி. கலைக்களஞ்சியத்தின் மொழி அன்று.

ஆறாவது ஆள். வடமராட்சியில் அகராதி செய்த கதிரைவேற்பிள்ளை யார் என்று வகுப்பிலே வினவினோம். ஒருவன் புலோலியைச் சேர்ந்தவர் என்றான். மற்றொருவன் உடுப்பிட்டியைச் சேர்ந்தவர் என்றான். இருவரும் மெய்யே கூறினர். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி, திரு. வி. கலியாணசுந்தரனாரின் ஆசிரியர், அகராதி ஒன்றும் செய்தவர். உடுப்பிட்டிக் குமாரசுவாமி முதலியாரின் மைந்தராகிய கு. கதிரைவேற்பிள்ளை அவர்கள் வேறொருவர். அவர் தொகுத்த அகராதியை மதுரைத் தமிழ்ச் சங்கம் பின்னர் வெளியிட்டது. தலைப்பெழுத்து ஒன்றை விடுத்தால் இருவர் ஒருவராகின்றனர்; ஒருவரின் உழைப்பு மற்றவர் கணக்கிலே சேர்கின்றது. இனி, புலோலிப் பெரியாரைப் பருத்தித்துறைப் பெரியார் வரிசையிலே சேர்க்கலாமோ என்னும் வினாவும் எழுந்தது. அயலூர்ப் பெரியாரை எமதூரார் என்று கொள்ளும் ஆசை இயல்பானதே. ஆயினும், பிறந்த ஊரைப் பிறந்த ஊராகவும், கற்ற ஊரைக் கற்ற ஊராகவும் எழுதுதலே முறை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், "இவற்றையெல்லாம் எங்கே தேடுவது?" என்று வினவலாம். நியாயமான வினாவே. 1981ஆம் ஆண்டு மே மாத முடிவில், யூன் மாதம் பிறக்கும் இரவிலே, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அழிந்த நூல்களும் சுவடிகளும் ஏறத்தாழ 97,000 என்பர். அந்நாள்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் தீக்கிரையாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் ஏடுகளும் குறிப்பேடுகளும் கைவிடப்பட்டன. 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோர வீடுகளுட் புகுந்தது. சான்று கேட்பது எளிது. சான்றை இழந்த சமூகத்திடம் அதனைக் கேட்பது கொடிது என்று சிலர் மனம் வருந்துவதை யாம் அறிவோம்.

ஆனால், இழப்பு நேர்ந்த காரணத்தால் எதனையும் எழுதலாம் என்று ஆகாது. எஞ்சியவற்றைத் தேடுதலே கடமை. 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்து சாதனம், 1930இல் தொடங்கிய ஈழகேசரி, 1959இல் தொடங்கிய ஈழநாடு ஆகியவற்றின் இதழ்கள் முழுமையாக இல்லாவிடினும் ஆங்காங்கே காக்கப்பட்டுள்ளன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே ஒல்லாந்தர் கால ஆவணங்கள் உள. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஆயிரக்கணக்காகப் படியெடுத்து, எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. ரொறன்ரோவில் இருப்பவரும் இலண்டனில் இருப்பவரும் தம் வீட்டிலிருந்தே அதனைப் பார்க்கலாம்.

அங்கே காக்கப்பட்டனவற்றுள் எம் போன்ற கல்லூரிகளின் ஆண்டு மலர்களும் விழா மலர்களும் உள என்பதை அன்பர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எமது ஊர்களைப் பற்றிப் பேரறிஞர் எழுதிய நூல்கள் சில, மலர்களோ பல. ஆதலின் நாளைய மாணவன் ஓர் ஊரின் செய்தியைத் தேடும்போது அவன் கைக்கு முதலில் அகப்படுவது மலராகவே இருக்கும். முதியவர் ஒருவரின் நினைவைக் கலைக்களஞ்சியம் நேரே ஏற்பதில்லை. அந்நினைவை ஒருவர் முறையாகக் கேட்டு, கூறியவர் யார், எந்நாளிற் கூறினார் என்று குறித்து, மலரொன்றில் வெளியிட்டால் அது சுட்டிக் காட்டத்தக்க வெளியீடாகின்றது. அதன் வலிமை எவ்வளவு என்பதைப் பின்வருவோர் எடைபோடுவர். நினைவுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே பாலமாக நிற்பது இத்தகைய மலரே. பாலத்தின் மரம் உளுத்திருந்தால் கடப்பவர் யாவரும் வீழ்வர்.

மற்றொரு கேடும் உண்டு. மலரிலே உள்ள பிழையைக் களஞ்சியம் எடுத்தாளும். களஞ்சியத்தைப் பார்த்துப் பத்திரிகை எழுதும். பத்திரிகையைப் பார்த்து அடுத்த மலர் எழுதும். முடிவிலே மூன்று சான்றுகள் இருப்பதாகத் தோன்றும். துருவினால் ஒன்றுமே இராது. செக்கிழுக்கும் மாடு பல காதம் நடந்தும் ஊர் போய்ச் சேராதது போன்றது இது. பல இடங்களிற் காணப்படுகின்றது என்பதைக் கொண்டு மகிழாது, முதலில் எழுதியவர் யார், அவர் எதனைக் கண்டு எழுதினார் என்று பின்னோக்கிச் செல்லுதலே தீர விசாரித்தலாகும்.

ஆகவே, மலர்களுக்கு எழுதும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்கள். ஆண்டைத் திட்டமாக எழுதுக. 'சென்ற ஆண்டு', 'அண்மையில்' என்பன ஐம்பது ஆண்டு கழிந்தபின் எவர்க்கும் விளங்கா. பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதுக. நிழற்படத்தின் கீழே இடம், நாள், நிற்பவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க. கேள்வியுற்றதைக் கேள்வி என்றும், கண்டதைக் கண்டது என்றும், நூலிற் கற்றதை இன்ன நூல் என்றும் பிரித்துக் கூறுக. எமது கல்லூரியைப் பற்றி யாமே கூறும் புகழை உலகம் சான்றாகக் கொள்ளாது. ஆனால் யாம் குறித்து வைக்கும் நாளும் பெயரும் எண்ணும் என்றும் பயன்படும். பழைய மாணவர் தம் இல்லங்களில் உள்ள பழைய மலர்கள், படங்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைக் கறையானுக்கு விடாது, படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற்கும் எண்ணிம நூலகத்திற்கும் உதவுவாராக. வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்கவேண்டியதை இவ்வாண்டே கேட்டு எழுதுக.

ஈற்றிலே எமது கடன் ஒன்றுண்டு. அச்சிலே செய்த பிழையை வகுப்பிலே வாயாற் திருத்துதல் போதாது. அச்சிலேயே திருத்துதல் வேண்டும். பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயருக்குக் காரணம் பேதுரு என்னும் தளபதி என்று பழைய மலரிலே யாம் எழுதியது தவறு. அதற்கு எவ்விதச் சான்றும் எம்மிடம் இருந்ததில்லை. அப்பெயர் கற்களின் முனை என்னும் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து வந்தது. இதனை அவ்வழுவுக்குத் திருத்தமாக வாசகர் கொள்வாராக. கல்லூரி நூலகத்திலுள்ள அம்மலரின் உரிய பக்கத்திலே இத்திருத்தத்தை ஒரு சீட்டில் எழுதி, நூலகரின் இசைவுடன் ஒட்டியுள்ளோம். சீட்டை எழுதியவன் எம்மை வினவிய அம்மாணவனே. அத்தகைய வினாக்களை அஞ்சாது வினவும் மாணவர் எமது கல்லூரியிலே என்றும் பெருகுக. வினவப்பெறும் ஆசிரியரும் அவற்றை மனமுவந்து ஏற்பாராக.